முதல் பந்தியில் யார்?

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கிறிஸ்தவக் குருவானவர் ஒருவர் பதில் எழுதும் பகுதி)

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்க் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். குடும்பத்துக்கு 25,000 ரூபாய் என்று கமிட்டி முடிவு செய்தது. நான் பீடி சுற்றிப் பிழைக்கிறவள். 3,000 தான் கொடுக்க முடிந்தது. பாக்கி வைத்தவர்கள் பெயரை போர்டில் எழுதிப் போட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் அசனத்தில் (கோயிலில் எல்லோருக்கும் போடும் பொதுச் சாப்பாட்டில்), முழுத்தொகை கட்டியவர்களுக்கு முதல் பந்தி, மேஜை நாற்காலியோடு. எங்களுக்கு மூன்றாவது பந்தி, வெறும் குழம்பு. "கறி தீந்துபோச்சாம்மா?" என்று என் மகன் கேட்டான். அன்றிலிருந்து நான் கோயிலுக்குப் போகவில்லை. கோயில் எதற்காகத்தான் இருக்கிறது?
(ஒரு வாசகி, ஆலங்குளம் பக்கம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "இவங்களுக்குப் பதில் எழுதுறது இருக்கட்டும், அந்தப் பையனுக்கு என்ன சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன்.

நான் பெரிய கோயில்களுக்கு எதிரி இல்லை. மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போகும்போது, பனைகளுக்கு மேலே அது தலைகாட்டினால் எனக்குப் பாதிப் பசி போய்விடும். இடையன்குடிக் கோயிலை மிஷனரி கால்டுவெல் 1847-இல் ஆரம்பித்து 1880-இல்தான் பிரதிஷ்டை செய்ய முடிந்தது. 33 வருஷம்! ஆனால் அத்தனை வருஷமும் அந்த ஊரில் சபை இருந்தது. பள்ளிக்கூடம் நடந்தது. அவருடைய மனைவி எலைசா பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தாது வருஷப் பஞ்சமும் (1876-78) அதற்குள்ளேயே வந்து போனது. கட்டி முடியாத கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சபை முழுசாக வாழ்ந்திருக்கிறது.

நம் பக்கத்தில் "சபைக்குப் போயிட்டு வாறேன்" என்று பெரும்பாலும் சொல்வதில்லை. "கோயிலுக்குப் போயிட்டு வாறேன்" என்போம். அந்தப் பேச்சு வழக்கில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. புதிய ஏற்பாட்டில் 'சபை' என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது 'எக்ளேசியா'. ஊர்க் காரியம் பேச அழைக்கப்பட்டுக் கூடுகிற ஜனங்களுக்கு அந்தக் காலத்தில் வழங்கிய சொல் அது. அதில் கல்லும் இல்லை, காரையும் இல்லை. அப்போஸ்தலர் பவுல் ரோமருக்குக் கடிதம் எழுதும்போது பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டிலே கூடுகிற சபைக்கு வாழ்த்துச் சொல்கிறார். அவர்கள் கூடாரம் தைத்துப் பிழைத்தவர்கள். ஒரு மூலையில் அரைகுறையாகத் தைத்த துணி கிடந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

சரி, உங்கள் பந்திக்கு வருகிறேன். இது புதுச் சண்டை இல்லை அம்மா. கி.பி. 55 வாக்கில் கொரிந்து பட்டணத்திலேயே நடந்தது. அங்கே கர்த்தருடைய பந்தி என்றால் உண்மையாகவே சாப்பாடு. கையில் வசதி உள்ளவர்கள் முந்தி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் செய்தி பவுலின் காதுக்கு எட்டியது. "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்டு எழுதினார் (1 கொரிந்தியர் 11). நாம் ஒவ்வொரு திருவிருந்து ஆராதனையிலும் பயபக்தியோடு கேட்கிற "கர்த்தராகிய இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே" என்ற பகுதி எங்கே வருகிறது தெரியுமா? அந்தக் கண்டிப்புக்கு நடுவில்தான். பந்தியில் ஏழையை வெட்கப்படுத்தியவர்களைத் திட்டும்போதுதான் பவுல் அதை நினைவுபடுத்துகிறார். கடைசியில் ஒரு கட்டளை கொடுக்கிறார்: நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்."

கோயில் எதற்கு என்று கேட்டீர்களே, நாற்பது வருஷ ஊழியத்துக்குப் பிறகு என்னிடம் மிஞ்சியிருக்கிற பதில் அந்த வரிதான். கடவுளைத் தொழத்தான் கூடுகிறோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தனியாகத் தொழாமல் ஏன் கூடச் சொன்னார்? பிந்தி வருகிறவனுக்காகக் காத்திருக்கப் பழகுவதற்கு.

எனக்கு இதை வேத சாஸ்திரக் கல்லூரி கற்றுத்தரவில்லை. வாலிபத்தில் செம்மணல் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் உபதேசியாராக (குருவானவருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கிறவராக) இருந்தேன். பங்குனி, சித்திரையில் ஞாயிறு காலை ஒன்பதுக்கு மணி அடிப்பேன். பெண்களும் பிள்ளைகளும் மட்டும் வருவார்கள். அவர்களிலும் பாதிப் பேர் கருப்பட்டி காய்ச்சும் அடுப்படிக்குத் திரும்ப ஓடுவார்கள். ஆண்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று ஒரு நாள் பிரசங்கமே செய்தேன். ஆராதனை முடிந்தபின் ஒரு பனையேறும் பாட்டையா இடுப்பில் பாளை அரிவாளோடு வந்து, "ஐயா, நீரு மணியடிக்கிறது எங்களுக்குக் கேக்கத்தான் செய்யுது. பனைக்குக் கேக்க மாட்டேங்குது" என்றார். அடுத்த வாரத்திலிருந்து பதநீர்க் காலம் முடிகிற வரைக்கும் மணி பன்னிரண்டுக்கு அடித்தேன். வெயிலில் ஓட்டுக்கூரை கொதிக்கும். ஆனால் கோயில் நிறைந்தது.

இப்படிச் சொல்லிவிட்டு என் தப்பையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பிற்காலத்தில் பெரிய சேகரம் (பல சபைகள் சேர்ந்தது) ஒன்றில் மைக் செட் வாங்க ஏழு முறை கமிட்டி கூட்டினேன். அதே நாட்களில் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பெரியவர் நாலு வாரமாக வரவில்லை. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். விழுந்து இடுப்பொடிந்து வீட்டில் கிடந்திருக்கிறார். கண்டுபிடித்துச் சொன்னது பால்காரர். அவர் நம் சபையும் இல்லை, நம் மதமும் இல்லை.

இயேசு புகழ்ந்த ஏழை விதவையின் இரண்டு காசுக் காணிக்கையைச் சொல்லி உங்களை ஆறுதல்படுத்தப்போவதில்லை. காணிக்கைப் பை வருவதற்கு முன்னால் அந்தக் கதையை எடுத்துவிடுகிற தந்திரம் எனக்குத் தெரியும், நானே செய்தவன்.

இப்போது செய்ய வேண்டியது: உங்கள் குருவானவரை நேரில் பாருங்கள். பாக்கியைப் பற்றிப் பேசாதீர்கள், பந்தியைப் பற்றி மட்டும் பேசுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். எருசலேமில் தினப் பந்தியில் விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தபோது, அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடம் சொல்லி, அவர்களை அந்த வேலையில் வைத்தார்கள் (அப்போஸ்தலர் 6). ஆகவே உங்கள் முறுமுறுப்புக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. உங்கள் குருவானவர் காது கொடுக்காவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். கமிட்டிக்காரர்களில் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த அசனத்தில் நீங்கள் பரிமாறுங்கள், கடைசிப் பந்தியில் சாப்பிடுங்கள். கறி மிஞ்சுகிறதா என்று அப்போது தெரியும்.

கேள்வி: யூடியூபில் எங்கள் கோயிலைவிட நல்ல பிரசங்கம் கேட்கிறேன். கோயிலுக்குப் போகத்தான் வேண்டுமா?
(கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: என் பிரசங்கத்தைவிட நன்றாகத்தான் இருக்கும் தம்பி, கேளுங்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நீங்கள் நாலு வாரம் பார்க்காவிட்டால் அந்த சானலுக்குத் தெரியாது. எங்களுக்கும் சில நேரம் தெரியாமல் போகிறது, மேலே எழுதியிருக்கிறேன். நீங்கள் வந்தால் கடைசி பெஞ்சைக் கவனிக்க ஒரு ஆள் கூடும்.

கேள்வி: ஆராதனைக்குப் பிந்தி வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தலாமா? எங்கள் சபையில் இது பெரிய விவாதமாக இருக்கிறது.
(சபைக் கமிட்டி உறுப்பினர், நாசரேத்)

பதில்: நிறுத்தாதீர்கள். பாவ அறிக்கை ஜெபம் நடக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் வாசலில் நிற்கச் சொல்லலாம். அப்புறம், கதவோரம் இரண்டு பெஞ்சைக் காலியாக வையுங்கள். முந்தி வருகிற நாம்தான் எப்போதும் காற்று வருகிற அந்த இடத்தைப் பிடித்துவிடுகிறோம்.