சர்வசன வாக்கெடுப்பை நம்பி இருக்கலாமா?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர் அனுப்பிய கடிதத்தின் சாரம் இது: "அரசாங்கம் தன் எல்லைக்குள் நிற்க வேண்டும், நாட்டின் அடிப்படைச் சட்டத்தை அடிக்கடி மாற்றக்கூடாது என்று எண்ணுகிறவன் நான். புதிய அரசியலமைப்பு வந்தாலும் சர்வசன வாக்கெடுப்பு இருக்கிறதே, மக்கள் வேண்டாமென்றால் நின்றுவிடும் என்று எங்கள் அமைப்பில் சிலர் சொல்கிறார்கள். அதை நம்பலாமா? ஒரு சட்டமூலம் எல்லை மீறுவதாகத் தோன்றினால், இங்கிருந்துகொண்டு நாங்கள் செய்யக்கூடியது என்ன?"

பாதியளவுதான் நம்பலாம் என்பது என் பதில். அந்தப் பாதி எது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 83 ஆம் உறுப்புரை சில ஏற்பாடுகளைத் தனியே பிரித்துக் காவல் வைத்திருக்கிறது. ஒற்றையாட்சி, மக்களின் இறைமை, மத மற்றும் மனச்சாட்சிச் சுதந்திரம், சித்திரவதைக்கு உட்படாதிருக்கும் உரிமை போன்றவற்றுக்கு முரணான எந்தச் சட்டமூலத்துக்கும் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 225 பேரில் 150 பேரின் ஆதரவு மட்டும் போதாது. சர்வசன வாக்கெடுப்பில் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தரும் ஒப்புதலும் வேண்டும். சனாதிபதியினதோ பாராளுமன்றத்தினதோ பதவிக்காலத்தை ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீட்டுவதற்கும் அதே நிபந்தனைதான். ஆட்சியாளர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சட்டம் அவரை மக்களிடம் கொண்டுவந்து நிறுத்துகிறது. வயலுக்கு வரம்பு எப்படியோ அப்படி இதை மதிக்க வேண்டும் என்பதே என்னைப் போன்ற பழமை பேணுவோரின் நிலைப்பாடு.

ஆனால் கேள்வியும் திகதியும் ஆட்சியாளர் கையில் இருக்கும்போது அதே வாக்கெடுப்பு வேறு வேலை செய்கிறது. இந்த நாட்டில் இதுவரை நடந்த ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22 இல் நடந்தது. சனாதிபதித் தேர்தல் முடிந்து இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவசரகால நிலை நடைமுறையில் இருந்தது. 1977 இல் ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மையுடன் தெரிவான பாராளுமன்றம், பொதுத் தேர்தலைச் சந்திக்காமலே இன்னும் ஆறு ஆண்டுகள் இருக்கலாமா என்பதே மக்கள் முன் வைக்கப்பட்ட விடயம். ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். நம்முடைய கலியாண வீட்டு வாசலில் நிறைகுடமும் குத்துவிளக்கும் சேர்ந்தேதான் இருக்கும். அன்று வாக்குச்சீட்டில் அவை எதிரெதிராக நின்றன. விளக்குக்கு 54.66 வீதம் கிடைத்தது, 1977 இன் பாராளுமன்றம் 1988 டிசம்பரில் கலைக்கப்படும்வரை நீடித்தது. காவலாக எழுதப்பட்ட 83 ஆம் உறுப்புரையே அன்று தேர்தலைத் தவிர்க்கும் வழியாயிற்று என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தமான விடயம்.

கிழக்கு மாகாணத்தவருக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1987 யூலை 29 இல் கைச்சாத்தான இலங்கை இந்திய உடன்படிக்கை, வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைந்திருக்கும் என்றும், இணைப்புத் தொடர வேண்டுமா என்பதைக் கிழக்கு மக்கள் 1988 டிசம்பர் 31 இற்கு முன் வாக்களித்துத் தீர்மானிப்பார்கள் என்றும் சொன்னது. அந்த வாக்கெடுப்பு மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்டது, இறுதிவரை நடக்கவேயில்லை. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பையே செல்லாததாக்கியது. இணைப்பை விரும்பியவர்களும் விரும்பாதவர்களும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்தார்கள். மூன்று இனத்தவரில் ஒருவரிடமேனும் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

பிரித்தானியாவிலும் பழமை பேணுவோர் இதில் ஒருமித்து நின்றதில்லை. சட்ட அறிஞர் டைசி, பாராளுமன்றப் பெரும்பான்மையின் அவசரத்துக்கு மக்கள் கையிலுள்ள தடையாக 1890 இல் வாக்கெடுப்பை வரவேற்றார். 1975 இல் மார்கரெட் தட்சரோ, அது சர்வாதிகாரிகளின் கருவி என்று முன்னாள் பிரதமர் அட்லி கூறியதை எடுத்துக்காட்டி எச்சரித்தார். நம் அனுபவத்தில் இருவர் சொன்னதும் உண்மையாகியிருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. உங்கள் அமைப்பு கவனிக்க வேண்டிய இடம் வாக்குச்சாவடிக்கு வெகு முன்னரே வருகிறது. சட்டமூலம் முதலில் அரசாங்க அறிவித்தல் இதழான வர்த்தமானியில் வெளியாக வேண்டும். குறைந்தது ஏழு நாட்கள் கழிந்த பின்னரே பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் அலுவல் பட்டியலில், இடம்பெறலாம். இடம்பெற்ற நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள், 121 ஆம் உறுப்புரையின் கீழ், எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அதன் பிரதியொன்றை அதேவேளை சபாநாயகரிடமும் கையளிக்க வேண்டும். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினராவது பிரசைகளாக உள்ள சங்கமும், பதிவு செய்யப்படாததாயினும், மனுச் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. நீதிமன்றம் மூன்று வாரங்களுக்குள் தன் தீர்மானத்தை அறிவிக்கும். அதற்குப் பலன் இல்லாமலில்லை: 2015 இல் அரசியலமைப்பின் பத்தொன்பதாம் திருத்தத்தின் சில பிரிவுகளுக்கு மக்கள் ஒப்புதல் தேவை என்று நீதிமன்றம் சொன்னதும், அரசாங்கம் அந்தப் பிரிவுகளையே கைவிட்டது.

அந்த ஒரு வாரம் தவறினால் கதவு அடைபட்டுவிடும். சபாநாயகரின் சான்று கிடைத்த சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது என்கிறது 80 ஆம் உறுப்புரை. இதில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. 2017 இல் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் பெண்களின் பிரதிநிதித்துவத்துக்கானதாகவே வந்தது. நீதிமன்றம் பார்க்க வேண்டிய கட்டம் கடந்த பின், சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாகச் சபை ஆராயும் குழுநிலையில், தேர்தல் முறையையே மாற்றும் பிரிவுகள் நுழைந்தன. அந்தச் செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன் பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி, ஆளுநரின் கீழேயே மாகாணம் நடத்தப்பட்டது. அரசாங்கத்தின் எல்லை மீறல் எப்படி இருக்கும் என்று யாராவது என்னிடம் கேட்டால், இதைத்தான் முதலில் சொல்வேன். ஆகவே மனுவோடு நின்றுவிடாமல், குழுநிலை விவாதம் நடக்கும் நாளில் உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் சபையில் இருக்கிறாரா, புதிதாகச் சேரும் பிரிவுகளை வாசித்தாரா என்று கேட்டறியுங்கள்.

சட்டமூலங்கள் வர்த்தமானியின் இரண்டாம் பகுதிக் குறைநிரப்பியாகத் தமிழிலும் அச்சாகின்றன. அமைப்பில் வாசிக்கப் பொறுமையுள்ள இருவரை அதற்கென நியமித்து, முகப்பிலுள்ள திகதியை அமைப்பின் குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். உறுப்பினர் பட்டியலையும் மனுச் செய்ய அதிகாரமளிக்கும் பொதுக்கூட்டத் தீர்மானத்தையும் இப்போதே ஆயத்தமாக்கி, சட்டத்தரணி ஒருவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். கொழும்புக்குப் போய் மனுத் தாக்கல் செய்ய உங்களுக்கு இருப்பது ஏழு நாட்கள் மட்டுமே.