ரீஸ்டார்ட் அழுத்தும் அப்பாவுக்கு

கேள்வி: மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. ஆளுக்கொரு மூலையில் போனோடு கிடக்கிறார்களே என்று, ஓடிப்பிடிப்பது, ஒளிந்து பிடிப்பது, பந்தெறிவது மாதிரியான மைதான ஆட்டங்களை வைத்துச் செய்த வீடியோ கேம்களை வாங்கிக் கொடுத்தேன். குடும்பத்தோடு ஆடலாம் என்று போட்டிருந்தது. தினமும் சண்டையில்தான் முடிகிறது. தோற்றால் மகன் கதறுகிறான். பக்கத்து அறையில் வேலையாக இருக்கும் நான் எழுந்து போய் ரீஸ்டார்ட் அழுத்தி, மறுபடி ஆடச் சொல்லிவிட்டு வருவேன். மகள் இப்போது விளையாட வருவதே இல்லை, கதவைச் சாத்திக்கொள்கிறாள், வயசுக் கோளாறு போல. சண்டை வராத ஒரு கேம் சொல்லுங்களேன்.

பதில்: கேமைப் பிறகு பார்க்கலாம். "எழுந்து போய் ரீஸ்டார்ட் அழுத்தி" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. அந்தப் பட்டனை அழுத்தும்போது திரையில் என்ன இருந்தது? உங்கள் மகள் ஜெயித்திருந்தாள். அவள் பக்கம் ஒரு எண்ணோ கிரீடமோ மின்னியிருக்கும், அதை முழுசாகப் பார்ப்பதற்குள் அப்பா வந்து அழித்துவிட்டுப் போய்விட்டார். ஒருநாள் இல்லை, தினமும். அப்புறம் அவள் கதவைச் சாத்தினால் அது வயசுக் கோளாறா? ஜெயித்தால் செல்லாது, தோற்றால் மட்டும் செல்லும் என்கிற ஆட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டாலும் வரமாட்டேன்.

பெரியவள்தானே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பீர்கள். ஆமாம், மூத்ததுக்கு அந்தக் கடமை உண்டு, அதில் நான் பழைய காலத்து ஆள்தான். ஆனால் அது அவளாகக் கொடுப்பதாக இருக்க வேண்டும், நீங்கள் பிடுங்கிக் கொடுத்தால் விட்டுக்கொடுத்தது ஆகாது. மைதானத்தில் ஓடத் தெரியாத பொடியன் வந்து நின்றால் என்ன செய்வோம்? ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வோம். அவனும் ஓடலாம், கத்தலாம், பிடிபட்டால் அவுட் மட்டும் கிடையாது. அந்தச் சட்டத்தை எந்த அப்பாவும் வந்து போடவில்லை. ஆடுகிற பிள்ளைகளே போட்டார்கள், அவன் காலுக்கு வேகம் வந்ததும் அவர்களே எடுத்தும் விட்டார்கள்.

கேமில் சட்டம் இயந்திரத்துக்குள் இருக்கிறது, "சின்னப் பையன், கணக்கில் எடுக்காதே" என்று அதனிடம் பேச முடியாது. 2020-ல் வந்த ஃபால் கைஸ் என்கிற கேமைப் பாருங்கள், வந்த புதிதில் 60 பேர் வரை ஓடினார்கள், வாலைப் பிடுங்குகிற ஆட்டமெல்லாம் உண்டு, பொம்மை மாதிரித்தான் இருக்கும், ஆனால் சுற்றுக்குச் சுற்று தயவு தாட்சண்யமில்லாமல் ஆளை வெளியே தள்ளும். அதனால் ஆடுவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தம்பி முதல் மூன்று தடவை மாட்டினால் கணக்கில்லை, அக்கா பத்து எண்ணிவிட்டுத்தான் கிளம்புவாள், இப்படி ஏதாவது. நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

இதையெல்லாம் யோசித்துச் செய்த கேம்களும் உண்டு. 2012-ல் வந்த நின்டெண்டோ லேண்ட் என்கிற கேம் தொகுப்பில் மாரியோ சேஸ் என்று ஒரு ஆட்டம். ஓடுகிறவர் கையில் தனித் திரை, அதில் முழு வரைபடமும் தெரியும். துரத்துகிறவர்கள் நாலு பேர் வரை இருக்கலாம், அவர்களுக்கு டிவிதான், தரை நிறத்தைப் பார்த்து "மஞ்சள் பக்கம் போறான்" என்று ஒருத்தருக்கொருத்தர் கத்தினால்தான் ஆள் மாட்டுவான். ஏழு வயசுக்கு வேகம் வராவிட்டாலும் தொண்டை வரும். அக்காவும் தம்பியும் ஒரு கட்சி, ஓடுவது அப்பா. (அந்த கேம் ஓடுகிற இயந்திரம் பழசு, தேடி வாங்கச் சொல்லவில்லை, அந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன்.)

ஓடுவது அப்பா என்றதும் ஒன்று உறைக்கிறது. உங்கள் கடிதத்தில் ஆடுகிறவர்கள் இரண்டே பேர்தான். குடும்பத்தோடு ஆடலாம் என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கி வந்து, பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டீர்கள். அப்பா தோற்றுவிட்டுச் சிரிப்பதை அந்தப் பையன் எப்போது பார்த்தான்? அவனுக்குத் தெரிந்ததெல்லாம், அழுதால் அப்பா எழுந்து வருவார். கெட்டிக்காரன், கற்றுக்கொண்டுவிட்டான்.

இன்றைக்கே மகள் கதவைத் தட்டி, "நீ ஜெயித்ததையெல்லாம் அழித்தேன், தப்பு" என்று சொல்லுங்கள். கூடவே தம்பியைப் பற்றி அறிவுரை வேண்டாம், அதோடு நிறுத்துங்கள். மகளிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்கிற அப்பாவாக இருந்தால் எனக்கு இனி எழுதாதீர்கள்.

சண்டை வராத கேம் என்று ஒன்று கிடையாது. எந்த கேம் என்பதை அவளிடமே கேளுங்கள். வரமாட்டேன் என்றால் இழுக்காதீர்கள், நீங்களும் மகனும் உட்கார்ந்து ஆடுங்கள், அவன் தோற்றால் அழட்டும், உங்கள் கை மட்டும் ரீஸ்டார்ட் பக்கம் போக வேண்டாம். கதவுக்குப் பின்னால் அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.