பாதியில் நின்றுபோகும் படங்கள்

அன்புள்ள ஐயா,

மை ஃபிரெஞ்சு ஃபிலிம் ஃபெஸ்டிவல் என்ற இணையத் திரைப்பட விழாவைப் பற்றித் தோழி ஒருத்தி சொன்னாள். இந்த முறை அதில் குறும்படங்களாகத் தேடிப் பார்த்தேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எட்டுப் படங்கள், எல்லாமே செல்போனில். நடிப்பும் ஒளிப்பதிவும் அருமை. ஆனால் பெரும்பாலான படங்கள் பாதியில் நின்றுபோன மாதிரி இருந்தன. ஒருவர் ஏதோ முடிவெடுக்கப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. நம் ஊர்க் குறும்படங்களில் கடைசியில் ஒரு ட்விஸ்டாவது இருக்கும். முழுநீளப் படம் கிடைக்கும்வரை இவர்கள் எடுத்துப் பழகுகிறார்களா? இல்லை, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

உங்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. எட்டையும் ஒரே நாளில் பார்த்ததில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த ட்விஸ்ட்.

நம்மில் பலருக்குக் குறும்படம் அறிமுகமானது 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குனர்’ என்ற குறும்படப் போட்டி நிகழ்ச்சி வழியாக. இயக்குனர்கள் கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். தமிழ் சினிமாவுக்கு அந்த நிகழ்ச்சி செய்தது பெரிய காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அங்கே படம் எடுத்தவர்களுக்கு ஒரு நெருக்கடி இருந்தது. ‘எனக்குக் கதை சொல்லத் தெரியும்’ என்பதைச் சில நிமிடங்களில் நடுவர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் நிரூபித்தாக வேண்டும். அதனால் இரண்டரை மணி நேரக் கதை ஒன்றைச் சுருக்கி, கடைசியில் ஒரு திருப்பம் வைத்து முடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த கண், திருப்பம் வராவிட்டால் ஏமாந்துதான் போகும்.

சத்யஜித் ராயின் ‘டூ’ (Two) என்ற குறும்படம் பார்த்திருக்கிறீர்களா? 1964ல் எடுத்தது. கால்மணி நேரம்தான், வசனம் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. பெரிய வீட்டில் ஒரு சிறுவன் தனியாக இருக்கிறான். கையில் கோக் பாட்டில், அறை முழுக்கப் பொம்மைகள். வெளியே புல்லாங்குழல் சத்தம் கேட்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், கீழே குடிசை அருகே ஒரு ஏழைச் சிறுவன் வாசித்துக்கொண்டிருக்கிறான். இவன் தன் பொம்மை ஊதுகுழலை எடுத்து வந்து ஊதி அவன் சத்தத்தை அமுக்குகிறான். அவன் ஒரு மேளத்தோடு வருகிறான், இவன் சாவி கொடுத்தால் மேளம் தட்டும் குரங்கைக் காட்டுகிறான். அவன் முகமூடி போட்டுக்கொண்டு ஆடினால், இவனிடம் விதவிதமான முகமூடிகள், வாள், துப்பாக்கி. அவன் தோற்றுப்போய்ப் போய்விடுகிறான். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு பட்டம் ஏறுகிறது. பணக்காரச் சிறுவனிடம் அதற்கு இணையாகக் காட்ட எதுவும் இல்லை. ஏர்கன்னை எடுத்துச் சுட்டு அதைக் கிழித்துவிடுகிறான்.

நம் பழக்கத்தின்படி பார்த்தால் கதை இங்கிருந்துதான் சூடுபிடிக்க வேண்டும். ஏழைச் சிறுவன் பழிவாங்க வேண்டும், அல்லது இருவரும் நண்பர்களாக வேண்டும். ராய் இரண்டையும் செய்யவில்லை. பணக்காரச் சிறுவன் திரும்பி வந்து பொம்மைகளை ஓடவிடுகிறான். அந்த இரைச்சலைத் தாண்டிப் புல்லாங்குழல் மறுபடி கேட்கிறது. பொம்மை ரோபோ நடந்துபோய், அடுக்கி வைத்த கோபுரத்தை இடித்துத் தள்ளுகிறது. சிறுவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான், படம் முடிந்துவிடுகிறது.

அதற்கு மேல் என்ன வேண்டும்? தான் ஜெயிக்கவில்லை என்று பணக்காரச் சிறுவனுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு அவன் என்ன செய்வான் என்பது வேறு படம். நல்ல கதைக் குறும்படம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒருவருக்கு ஏதோ ஒன்று பிடிபடும் இடம்வரை நம்மைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். பிடிபட்டதை வைத்து அவர் எடுக்கும் முடிவு, அதன் பின்விளைவு எல்லாம் முழுநீளப் படத்தின் வேலை. நீங்கள் பார்த்தவற்றில் ‘முடிவெடுக்கப் போகிறார்’ என்று எதிர்பார்த்த இடத்திலேயே படம் தன் வேலையை முடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எல்லாப் படத்துக்கும் இந்தச் சலுகையைத் தர மாட்டேன். எப்படி முடிப்பது என்று தெரியாமல் கருப்புத் திரை போட்டுவிடுகிறவர்கள் பிரான்சிலும் இருப்பார்கள்.

அடுத்து, எடுத்துப் பழகுகிறார்களா என்ற கேள்வி. ராய் ‘டூ’ எடுத்த அதே 1964ல்தான் அவருடைய புகழ்பெற்ற முழுநீளப் படம் ‘சாருலதா’வும் வெளிவந்தது. அவருக்கு யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டிய நிலை இல்லை. பிரான்சின் இயக்குனர் ஆக்னஸ் வார்தா 1950களில் தொடங்கி, கடைசிக் காலம்வரை முழுநீளப் படங்களுக்கு நடுவே குறும்படங்கள் எடுத்துக்கொண்டே இருந்தார். சில கதைகளுக்கு அவ்வளவுதான் நீளம். ஆஸ்கர் விதிப்படி நாற்பது நிமிடம்வரை குறும்படம். பிரான்சின் கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டியில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பதினைந்துக்குள் ஒரு முழுநீளப் படத்தின் திரைக்கதையை அடைக்கப் பார்த்தால் மூச்சுத் திணறும்.

நீங்கள் பார்த்தது போன்ற இணைய விழாக்கள் எனக்கு முக்கியமாகப் படக் காரணம் இருக்கிறது. பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு எந்தத் தியேட்டரிலும் டிக்கெட் கிழிக்க மாட்டார்கள். ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் 1954லிருந்து குறும்பட விழா நடக்கிறது. பிரான்சின் க்ளேர்மோன்-ஃபெரானில் நடப்பது இன்னும் பெரிது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் பார்க்க நேற்றுவரை வழியே கிடையாது. ஊரடங்கு நேரத்தில், 2020ல் ஓபர்ஹவுசனும் 2021ல் க்ளேர்மோனும் இணையத்துக்கு வந்தன. நீங்கள் பார்த்த விழா அதற்கெல்லாம் முந்தியது. பிரெஞ்சுப் படங்களை வெளிநாடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் யூனிஃபிரான்ஸ் அமைப்பு 2011லேயே இணையத்துக்கென்றே தொடங்கிய விழா அது.

சரி, அந்த எட்டுப் படங்கள். விழா அரங்கிலும் ஐந்தாறு குறும்படங்களைச் சேர்த்துத்தான் போடுகிறார்கள். ஆனால் எதற்குப் பின் எது என்று ஒருவர் யோசித்து அடுக்கியிருப்பார். கனமான படத்துக்குப் பின் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும். செல்போனில் அந்த வரிசையை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு படத்தின் கடைசிக் காட்சி மனதில் இறங்குவதற்குள் அடுத்ததைத் தொட்டுவிட்டால், எல்லாமே பாதியில் நின்ற மாதிரிதான் தெரியும். ஒரு ராத்திரிக்கு ஒரு படம் போதும். பெயர்கள் ஓடி முடியும்வரை கையை எடுத்துவிடுங்கள். செல்போனில் பார்ப்பது தப்பே இல்லை, ஆனால் ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். ‘டூ’வின் முடிவு முழுக்கச் சத்தத்தில் இருக்கிறது. பொம்மைகளின் இரைச்சலுக்குள் அந்தக் குழலோசை செல்போன் ஸ்பீக்கரில் கேட்காமலே போய்விடலாம்.

அடுத்த விழா ஜனவரியில் வரும். அதற்குள் ‘டூ’வைப் பார்த்துவிடுங்கள். பிறகு, உங்களுக்குப் பாதியில் நின்றதாகத் தோன்றிய எட்டில் ஏதாவது ஒன்று மறுபடி கிடைத்தால், கடைசிக் காட்சியில் அந்த ஆள் எதைப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார் என்பதை மட்டும் கவனித்து எனக்கு எழுதுங்கள்.