9 சதவீத வட்டிக்கு மாதம் 11,333 எப்படி வந்தது?

கேள்வி: ஈரோட்டில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய். என்னிடம் உள்ள 2012 ஆல்டோவைக் கொடுத்துவிட்டு 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி வாங்க நினைக்கிறேன். கார் கன்சல்டிங்கில் 5,10,000 சொல்கிறார்கள். 4 லட்சத்துக்கு அவர்களே ஃபைனான்ஸ் ஏற்பாடு செய்கிறார்கள்: 9 சதவீத வட்டி, 4 வருடம், மாதம் 11,333 ரூபாய். ஆல்டோவை 90,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார்களாம். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். வங்கியில் 3.5 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. மனைவி தன் நகையை அடகு வைக்கலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: மாதத் தவணையைச் சரியாக எழுதி அனுப்பினீர்கள், நல்லது. விஷயமே அந்த 11,333இல்தான் இருக்கிறது.

வங்கிகள் சொல்வதுபோல, அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் (டிமினிஷிங்) 9 சதவீதமாக இருந்தால், 4 லட்சத்துக்கு 48 மாதத் தவணை 9,954 ரூபாய்தான் வரும். உங்களுக்கு அவர்கள் போட்டிருப்பது ஃப்ளாட் வட்டி. 4 லட்சத்துக்கு 9 சதவீதம் வருடத்துக்கு 36,000. நான்கு வருடத்துக்கு 1,44,000. அதை அசலோடு கூட்டி 48ஆல் வகுத்திருக்கிறார்கள். நான்காவது வருடம் தொடங்கும்போது நீங்கள் பாக்கி வைத்திருப்பது சுமார் 1.25 லட்சம்தான். ஆனால் அப்போதும் முழு 4 லட்சத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். டிமினிஷிங் கணக்கில் இது ஏறக்குறைய 16 சதவீதம். பொய் ஒன்றும் சொல்லவில்லை, பாதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இனி யார் வட்டி சொன்னாலும் 'ஃப்ளாட்டா, டிமினிஷிங்கா?' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஃப்ளாட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

6, 7 சதவீதம் தரும் எஃப்.டி.யைப் பூட்டி வைத்துவிட்டு 16 சதவீதத்துக்குக் கடன் வாங்குவதில் அர்த்தமில்லை. எஃப்.டி.யில் 1 லட்சத்தை அவசரத்துக்கு விட்டுவிட்டு 2.5 லட்சத்தை எடுங்கள். ஆல்டோவின் 90,000 சேர்ந்தால் 3.4 லட்சம். கடன் தேவைப்படுவது 1.7 லட்சம்தான். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 14 சதவீத டிமினிஷிங்கில் 3 வருடத்துக்குக் கிடைத்தால்கூட தவணை சுமார் 5,810, மொத்த வட்டி 39,000 சொச்சம். 11,333 கட்டத் தயாராக இருந்தவர்தானே நீங்கள்? மிச்சமாகும் 5,500 ரூபாயை அதே தேதியில் ஆர்.டி.யில் போட்டால், உடைத்த எஃப்.டி. மெல்ல மெல்லத் திரும்பி வரும்.

நகைக்கடனை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1.7 லட்சத்துக்கு வங்கி நகைக்கடன் வட்டி, பழைய கார் கடனைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆனால் அதில் மாதத் தவணை என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. அங்கேதான் ஆபத்து. வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன். மாதம் 11,333 என்று நீங்களாகவே அசலில் கட்டிவந்தால் ஒன்றரை வருடத்துக்குள் நகை வீடு திரும்பிவிடும். கட்டுவீர்களா என்பது உங்களைவிட உங்கள் மனைவிக்கு நன்றாகத் தெரியும், அவரிடமே கேளுங்கள்.

விலை விஷயத்தில் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கியபின் பழைய வண்டிக்குப் பழைய விலையே சொல்வது நியாயமில்லை. இன்றைய புது ஸ்விஃப்டின் ஆன்-ரோடு விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

வண்டியைப் பகலில் பாருங்கள். முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் செம்மண் கறையோ கோடோ தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். சென்னையில் 2015இலும் 2023 டிசம்பரிலும் மூழ்கிய கார்கள் எல்லாம் சென்னையிலேயே இருக்கின்றனவா என்ன? சீட்டை எவ்வளவு நன்றாக ஷாம்பூ போட்டுக் கழுவினாலும் பெல்ட்டின் அடி முனையை யாரும் கழுவுவதில்லை. அப்புறம் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. 70,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டி, நான்கு டயரும் 2018ஆகவே இருந்தால் அதிகம் ஓடாத வண்டி என்று மகிழாதீர்கள். நான்கையும் உடனே மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். கிலோமீட்டரை கம்பெனி சர்வீஸ் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆர்.சி.யில் எச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதற்கான பதிவு) இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதையெல்லாம் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டே பார்க்கலாம். 'டியூ முடிந்துவிட்டது' என்ற வாய்வார்த்தை போதாது. வங்கியின் என்.ஓ.சி.யும் 35ஆம் ஃபாரமும் கொடுத்து எச்.பி. நீக்கிய பிறகுதான் பெயர் மாற்றம் சிக்கலில்லாமல் நடக்கும்.

இப்போது உங்கள் ஆல்டோ. வெற்று 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். என் மாமா தன் பழைய பைக்கை அப்படித்தான் விற்றார். மூன்று வருடம் கழித்து, பார்த்தே இராத ஊரிலிருந்து விபத்து வழக்கு நோட்டீஸ் வந்தது. வண்டி கைமாறியிருந்தாலும், ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அங்கீகாரச் சான்று பெற்ற பழைய வாகன டீலரிடம் கொடுத்தால், 29சி ஃபாரம் மூலம் வண்டி டீலரிடம் போய்விட்டதைப் பதிவு செய்யலாம். அதிலிருந்து டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் கன்சல்டிங்கிடம் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.  இல்லையென்றால், ஆல்டோவை வாங்குபவரோடு சேர்ந்தே பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, ரசீது நகலை வாங்கியபின் சாவியைக் கொடுங்கள்.

ஆல்டோவுக்கு முழு இன்சூரன்ஸ் வைத்திருந்து, ஐந்து வருடம் க்ளெய்ம் எடுக்காமல் இருந்தால் 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் சேர்ந்திருக்கும். அது காருடையது அல்ல, உங்களுடையது. விற்றதும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கி, ஸ்விஃப்டின் பாலிசியில் சொந்த சேதப் பகுதிக்கு அந்தத் தள்ளுபடியைக் கேளுங்கள். கடிதம் 3 வருடம் செல்லும். ஸ்விஃப்டின் பழைய பாலிசி ஓடிக்கொண்டிருந்தால் அதை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஆல்டோவின் ஃபாஸ்டேகை அன்றைக்கே மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் யாரோ டோல்கேட் தாண்டும் ஒவ்வொரு முறையும் உங்கள் போனுக்குத்தான் மெசேஜ் வரும்.