ஆட்டோவாக்யூம் ஓடும் நேரத்தில் சும்மா நிற்பது எவ்வளவு? எப்படி அளப்பது?

தோவாளையில் பூ வியாபாரக் கணக்கு, போஸ்ட்கிரெஸ் 18 டேட்டாபேஸில். ராத்திரி பழைய பில்களை அழித்ததும் கிளம்பும் ஆட்டோவாக்யூம் (அழித்த வரிகளின் இடத்தைத் தானே துப்புரவாக்கும் வேலை), விடியுமுன் சந்தை கூடும் நேரம்வரை இழுக்கிறது. இதுதானே உங்கள் சிக்கல்?

டிஸ்க்கைத் திணறடிக்காமல் இருக்க அது கொஞ்சம் வேலை செய்து கொஞ்சம் தூங்கும், அந்தத் தூக்கம்தான் டிலே. 18-இல் அதை அளக்கவென்றே டிராக்_காஸ்ட்_டிலே_டைமிங் என்ற செட்டிங் வந்திருக்கிறது. நேரத்தைத் திரும்பத் திரும்ப ஓஎஸ்ஸிடம் கேட்கும் என்பதால் இயல்பில் ஆஃப். சூப்பர்யூசராக ஆல்டர் சிஸ்டத்தில் ஆன் செய்து ரீலோட் கொடுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். வாக்யூம் தொடங்குமுன் செய்யுங்கள், அதற்கு முன் தூங்கியது கணக்கில் வராது.

பிறகு பிஜி_ஸ்டாட்_புரோகிரஸ்_வாக்யூமில் டிலே_டைம் பாருங்கள், மில்லிசெகண்டில் இருக்கும். அதே பிஐடிக்கு (புராசஸ் எண்) பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியின் எக்ஸாக்ட்_ஸ்டார்ட்டிலிருந்து இப்போதுவரை ஆன நேரத்தால் வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும். பல ஒர்க்கர்கள் (துணைப் புராசஸ்கள்) சேர்ந்து ஓட்டும் பேரலல் வாக்யூமில் மட்டும் இந்த விகிதம் நூறு சதவீதத்தைத் தாண்டலாம், ஒர்க்கர்கள் தூங்கியதும் சேர்ந்தே கூட்டப்படுகிறது.

13 முதல் 17 வரை உள்ள வெர்ஷன் என்றால் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியின் வெயிட்_ஈவென்ட்டை செகண்டுக்கு ஒருமுறை \வாட்ச் போட்டு எடுத்து, வாக்யூம்டிலே எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டியதுதான். தோராயம், ஆனால் போதும்.

கையால் வாக்யூம் ஓட்டி அளக்காதீர்கள். அதற்கு டிலே இயல்பில் 0, ஆட்டோவாக்யூமுக்கு 2 மில்லிசெகண்ட். 'நான் ஓட்டினா சட்டுனு முடியுது' என்று பலர் குழம்புவது இதனால்தான்.

விகிதம் பெரிதாக இருந்தால் டிஸ்க்மேல் பழி போடாதீர்கள். தூங்குமுன் செலவிடக்கூடிய புள்ளி (காஸ்ட் லிமிட்) 200, ஒரு பக்கத்தை அழுக்காக்க, அதாவது மாற்ற, 20. பத்துப் பக்கம், அதாவது 80 கேபி எழுதியதும் 2 மில்லிசெகண்ட் தூக்கம். எழுதுவது செகண்டுக்குச் சுமார் 40 எம்பிக்கு மேல் போகவே முடியாது. இந்த 200-ஐ ஓடும் ஆட்டோவாக்யூம் ஒர்க்கர்கள் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், ஆகவே ஆட்டோவாக்யூம்_மேக்ஸ்_ஒர்க்கர்ஸைக் கூட்டினால் மொத்த வேகம் ஏறாது. ஆட்டோவாக்யூம்_வாக்யூம்_காஸ்ட்_லிமிட்டை 800 ஆக்கிப் பாருங்கள். பில் டேபிளுக்கு மட்டும் தனியாக வைத்தால் அது அந்தப் பங்கீட்டில் சேராது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

விகிதம் சின்னதாக இருந்தும் இழுக்கிறதென்றால் லிமிட்டைத் தொடாதீர்கள். டிஸ்க்குக்காகக் காத்திருப்பது டிலே_டைமில் வராது. டிராக்_ஐஓ_டைமிங்கை ஆன் செய்து, லாக்_ஆட்டோவாக்யூம்_மின்_டியூரேஷனை 0 வைத்தால் டிஸ்க்கில் படிக்க, எழுத ஆன நேரம் லாகிலேயே வந்துவிடும். டிஸ்க்தான் காரணம் என்று தெரிந்தால், பில் அழிக்கும் வேலையைச் சாயங்காலத்துக்கு நகர்த்துங்கள்.