சிஏ 19-9 ஏறிவிட்டால் கீமோ வீணா?

கேள்வி: அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். இரண்டு சுற்று கீமோ முடிந்ததும் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிஏ 19-9 அளவு 480-லிருந்து 610 ஆகியிருக்கிறது. மருந்து கேட்கவில்லை, நிறுத்திவிடலாம் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது? – ஒரு வாசகி

பதில்: இந்த ஓர் எண்ணை வைத்து கீமோவை நிறுத்தாதீர்கள்.

சிஏ 19-9, கணையப் புற்றணுக்கள் ரத்தத்தில் கலக்கும் ஒரு பொருள். 37 வரை இயல்பு என்பது கணக்கு. ஆனால் பித்தக்குழாய் அடைத்தாலும் இது எகிறும். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி உள்ள பலருக்குப் பித்தம் வடிய ஸ்டென்ட் எனும் சிறு குழாய் வைத்திருப்பார்கள். அது அடைத்துக்கொண்டால், கட்டி வளராமலே எண் பல மடங்கு கூடலாம். எனவே மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்: அதே நாளில் பிலிருபின் (ரத்தத்தில் உள்ள பித்த நிறமி; கூடினால் மஞ்சள் காமாலை) எவ்வளவு இருந்தது? கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ அடுத்த கீமோ தேதிவரை பொறுக்க வேண்டாம். கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இரண்டு பரிசோதனையும் ஒரே லேபில் செய்ததுதானா? லேபுக்கு லேப் முறை மாறும், எண்ணும் மாறும். தவிர, கீமோ தொடங்கிய புதிதில் சிலருக்கு அளவு சற்று ஏறிப் பிறகு இறங்குவதுண்டு. மாறாக, சிலரின் உடல் இயற்கையாகவே இதை உற்பத்தி செய்யாது. நோய் முற்றினாலும் அவர்களுக்கு எண் ஏறாது.

அடுத்தடுத்த பரிசோதனைகளிலும் ஏறிக்கொண்டே போனால் அலட்சியம் கூடாது. அப்போது சிடி ஸ்கேன் பேசும். வழக்கமாக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதை முன்கூட்டியே எடுக்கச் சொல்லலாம். கட்டி வளர்ந்திருந்தாலும் மருந்தை மாற்றிப் பார்க்க இடமுண்டு. ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு கீமோ மருந்து கேட்காதவர்களில் உடல் தாங்குபவர்களுக்கு ஜெம்சிடபின் சார்ந்த மருந்துகள் தருவார்கள்.

நிறுத்துவதா என்பது வேறு கேள்வி. எடை, பசி, வலி, கைகால் மரமரப்பு, நடமாட்டம் எல்லாம் அதில் சேரும். உங்கள் கடிதத்தில் வீட்டார் சொல்வது இருக்கிறது. அப்பா சொல்வது இல்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அவரையே பேச விடுங்கள்.