வானம் பற்றி வாசகர் கேள்விகள்

2032ல் சிறுகோள் மோதும் என்றார்கள், அப்புறம் மோதாது என்றார்கள். கணக்கு தப்பா? (ஈசூன் வாசகி)

கணக்கு சரிதான். 2024 ஒய்ஆர்4 என்ற அந்தச் சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது 2024 டிசம்பர் கடைசியில். சில வாரம் மட்டும் பார்த்துவிட்டு, எட்டு ஆண்டு கழித்து அது எங்கே இருக்கும் என்று கேட்டால், "இந்த நீண்ட பட்டைக்குள் எங்கேயோ" என்றுதான் சொல்ல முடியும். அந்தப் பட்டைக்குள் பூமியும் கிடந்தது. அளக்க அளக்கப் பட்டை குறுகும். பூமி உள்ளே இருக்கும்வரை மோதும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். 2025 பிப்ரவரியில் 3.1 விழுக்காடு வரை போனது அப்படித்தான். பட்டை மேலும் சுருங்கிப் பூமி வெளியே நின்றதும், ஒரே வாரத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கிவிட்டது. நாளிதழ்கள் ஏறியதைத்தான் பெரிதாகப் போட்டன, இறங்கியதை உள்பக்கத்துக்குத் தள்ளிவிட்டன!

3ஐ/அட்லஸ் வேற்றுகிரகக் கப்பலாமே? (உட்லண்ட்ஸ் வாசகர்)

வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. அது வாயுவும் தூசியும் கக்கும் வால்வெள்ளி. 2025 ஜூலை 1 அன்று சிலியிலிருந்த தொலைநோக்கி பிடித்தது. சூரியனின் ஈர்ப்பு கட்டிவைக்க முடியாத வேகம், அதனால்தான் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்கிறார்கள். பூமியை நெருங்கியபோதும் சுமார் 27 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் போனது.

கே2-18பி கோளில் உயிர் இருப்பது உறுதியா? (தெம்பனிஸ் மாணவர்)

இல்லை. 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்தக் கோள் தன் விண்மீனைக் கடக்கும்போது, அதன் காற்றுவெளியை ஊடுருவி வரும் ஒளியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அலசுகிறது. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, டைமெத்தில் சல்ஃபைடின் தடயம் தெரிவதாகச் சொன்னது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. ஆனால் அதே தரவை அலசிய வேறு குழுக்களுக்கு அது தெளிவாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, உயிரே இல்லாத 67பி வால்வெள்ளியிலும் அந்த வாயு உண்டு. என்னைக் கேட்டால், இன்னும் சில ஆண்டு பொறுக்கலாம்.

அடுக்குமாடி புளோக் விளக்குகளுக்கு நடுவே தொலைநோக்கி வாங்குவது வீணா? (பொங்கோல் வாசகர்)

2016ல் வந்த உலக ஒளி மாசு வரைபடத்தில் சிங்கப்பூருக்குத்தான் முதலிடம். பால்வெளியை மறந்துவிடுங்கள். நிலா, வியாழன், சனிக்கு அந்தக் கவலை இல்லை. 70 மில்லிமீட்டர் தொலைநோக்கியிலேயே வியாழனின் நான்கு நிலாக்கள் தெரியும். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் நல்ல இடம். ஏசி அறையிலிருந்து எடுத்துப் போன உடனே பார்க்காதீர்கள், லென்ஸில் ஈரம் படிந்துவிடும். துணியால் துடைக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள்.